பலிமேட்டுக்கு இரண்டு பேர்

"ஒரு வாய் சாப்பிடு தம்பி. காலையிலேருந்து பச்சத் தண்ணிகூட என் கையால வாங்கலியே." துணியில் சுற்றிய ரொட்டியை மூன்றாம் முறையாக நீட்டினான் ராக்கான்.

"வயிறு சரியில்லண்ணே." தலைத்துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான் வழிகாட்டி சுவைலிம்.

வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. ஒரே ரொட்டியைப் பகிர்ந்தவன்மேல் கைவைத்தால் அப்புறம் இந்தப் பாலைவனத்தில் நாய்கூட மதிக்காது. தன் வீட்டில் சாப்பிட்டவன் என்றால் கேட்கவே வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு முன் தூங்கிக்கொண்டே தண்ணீர் லாரியை ஓட்டி, சுவைலிமின் அண்ணன் ஹமூத்தைக் கொன்றவன் இந்த ராக்கான். சிறையிலிருந்து வந்த கையோடு, மலையைக் குடைந்த பழைய நகரமான பெத்ராவைச் சுற்றிப் பார்க்க வந்துவிட்டான். அதுவும் சுவைலிமையே துணைக்குக் கூப்பிட்டான். நீதிமன்றத்தில் கடைசி வரிசையில் நின்றவனை அவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

பழி தீரும்வரை எந்த விருந்தாளிக்கும் அடுப்பு மூட்டமாட்டேன் என்று சொன்னவள் அம்மா. இன்று காலை மலையடியில் சவாரிக்குக் காத்து நின்றபோது, தூரத்தில் அவள் குடியிருக்கும் குகை வாசலில் புகை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ராக்கான் எதிரே வந்து நின்றான். அம்மாவுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது, பழி தீர்ந்ததும் விருந்து வைக்கப்போகிறாள் என்று சுவைலிமுக்கு நெஞ்சு நிறைந்தது.

பாறையில் வெட்டிய படிகள் உச்சியில் முடிந்தன. அங்கே பழைய பலிமேடு, அதைத் தாண்டினால் அதலபாதாளம்.

"ஓரமா வந்து பாருண்ணே. இங்கேருந்து பார்த்தாத்தான் ஊர் முழுசும் தெரியும்."

ராக்கான் மறுபேச்சில்லாமல் விளிம்பில் போய் நின்றான், முதுகைக் காட்டிக்கொண்டு. சுவைலிமின் கைகள் இரண்டும் எழுந்தன. பாவி, சாகட்டும்.

"தள்ளணும்னா தள்ளு சுவைலிம்." ராக்கான் திரும்பவில்லை. "உன் மூஞ்சிய கோர்ட்லயே பார்த்து வச்சிருக்கேன். அதுக்கு முன்னால இத வாங்கிக்க. உன்கிட்ட சேர்க்கச் சொல்லிக் குடுத்தது."

தோளுக்கு மேலாக நீட்டிய கையில் துணி பிரிந்தது. சாம்பலில் சுட்டு, கருஞ்சீரகம் தூவிய ரொட்டி. அதில் பாதிதான் இருந்தது. அந்தக் கருஞ்சீரக வாசனை எந்த வீட்டுடையது என்று சுவைலிமுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"நான் யாருன்னு சொன்ன பிறகுதான் உங்கம்மா அடுப்பு மூட்டினாங்க, எனக்குப் பாதி, உனக்குப் பாதி."