டார்ச் தயாராக இல்லை

புயல் கரையைக் கடக்கவிருந்த அன்று காலையில் ரிமோட் உயிரை விட்டது. வீட்டுக்காரர் பரமானந்தம் அதைத் தொடையில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். அசையவில்லை. உடனே டிவி ஸ்டாண்டில் கிடந்த சின்ன டார்ச்சைத் திறந்து, இரண்டு பேட்டரியையும் உருவி ரிமோட்டுக்குப் போட்டுவிட்டார்.

"ஐயோ, சாயங்காலம் கரண்ட் போயிடுமே!" என்று பதறியது டார்ச்.

"ஆத்திர அவசரத்துக்குக் கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க, அண்ணே? நியூஸ் பார்க்காம இவங்க எப்படித் தயாராவாங்க?" என்றது ரிமோட்.

தயாரானார்கள், அப்படித் தயாரானார்கள்! சேனல் சேனலாக மாற்றி, குடை மடங்கிய நிருபர்களையே நாள் முழுக்கப் பார்த்தார்கள். "டார்ச்சைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்" என்று டிவி சொன்னபோதெல்லாம் குடும்பமே "ஆமாமா" என்று தலையாட்டியது. பேட்டரி விற்கும் கடை எதிர்வரிசையில்தான் இருந்தது. ஒருத்தரும் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. வெறும் வயிற்றோடு கிடந்த டார்ச்சுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது. பரமானந்தம் இருட்டில் துழாவி டார்ச்சை எடுத்து அமுக்கினார். உள்ளங்கையில் ஓங்கி ஓங்கித் தட்டினார்.

"தேவைப்படறப்போ எரியாத சனியன்!" என்று வீசி எறிந்தார்.

அது சோபாவில், ரிமோட்டுக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தது. இரண்டு பேட்டரியும் வயிற்றில் கனக்க, ரிமோட் சலித்துக்கொண்டது:

"காலையிலேருந்து டிவியில தொண்டை கிழியக் கத்தினாங்களே, அண்ணே. நீங்க கொஞ்சமாவது தயாரா இருந்திருக்கக் கூடாதா?"