பச்சை வண்டி விற்பனைக்கு

வாங்க வந்த பல் டாக்டர் முட்டி போட்டு, வண்டியின் கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

வாயை இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திற என்று சொல்லிவிடுவார் போலிருந்தது.

வண்டியை விற்கும் லேத்துக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஷெட் சுவரோரம் நின்றார். நகம் சுத்தமாக இருக்கும் ஆட்கள் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. நகத்தில் கிரீஸ் இருக்கும் ஆட்கள் மேலும் கிடையாது. கடையில் எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவார். ஒன்றில் கடைக்காரன் கட்டாயம் ஏமாற்றியிருப்பான் என்பது அவர் கணக்கு.

வண்டி இங்கிலாந்தில் செய்த பழைய கார். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாகக் கிடக்கும். அவர் வாங்கும்போது அடித்தட்டில் ஓட்டை விழுந்து, அதன் வழியே ஏதோ ஒரு கொடி ஏறி ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. பணம் கொடுத்துக் குப்பை வாங்கின ஆள் என்று தெருவே சிரித்தது. இப்போது அந்தப் பச்சைப் பெயிண்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

டாக்டர் சீட்டைத் தடவினார். "தையல் பிரமாதம். யார் பண்ணினது?"

"வீட்டுல."

வீடு என்றால் அவர் மனைவி. மெஷினில் தோல் ஏறாமல் ஊசி ஊசியாக உடைத்து, கடைசியில் கையாலேயே தைத்து முடித்தவள்.

அந்த சீட்டில் அவள் உட்கார்ந்து வெகு நாளாகிறது. முட்டி போய்விட்டது. அவ்வளவு தாழ்வில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். சீட்டை விடுங்கள், மாடிப்படியே இனி ஆகாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். படுக்கையறை மாடியில். கீழே ஓர் அறை போட இந்த ஷெட்டை விட்டால் வேறு இடமில்லை. வண்டி போனால்தான் கட்டில் கீழே வரும்.

இதற்கு முன் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் எடுத்தது, என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. "பழைய வண்டி, அதுக்கும் ஒரு மனசு இருக்குல்ல" என்று லேத்துக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர்களை அனுப்பிவைத்தார்.

"ஆமா, வண்டிக்கு மனசு இருக்கு. என் முட்டிக்குத்தான் இல்லை" என்றாள் அவள்.

டாக்டர் இப்போது வண்டிக்குக் கீழே இருந்த தட்டைக் காட்டினார். "எண்ணெய் சொட்டுதே பெரியவரே."

"சொட்டும். சொட்டலைன்னாதான் பயப்படணும். உள்ள எண்ணெய் இல்லைன்னு அர்த்தம்."

டாக்டர் சிரித்தார். லேத்துக்காரர் சிரிக்கவில்லை. மழை வந்தால் வண்டிக் கூரை ஒழுகும் என்றார். இரண்டாம் கியர் போட வண்டியிடம் கெஞ்ச வேண்டும் என்றார். டாக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இந்த ஆள் வாங்கிவிடுவான் என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க."

லேத்துக்காரர் உட்கார்ந்தார். சோக்கை இழுத்தார். பட்டனை அழுத்தினார்.

செல்ஃப் எடுத்தது. என்ஜின் சுற்றியது. பிடிக்கவில்லை.

மறுபடியும் அழுத்தினார். அதே கதை.

டாக்டர் மெதுவாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

லேத்துக்காரர் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கிளிப்பைத் தட்டிவிட்டார். உள்ளே ரோட்டார் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. கட்டைவிரல் அளவு கறுப்புச் சாமான், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் என்ஜின் நாள் முழுக்கச் சுற்றும், பிடிக்காது.

மொட்டையாக இருக்கும் அந்த இடம் அவருக்குப் புதிதில்லை. முந்தின இரண்டு தடவையும் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றது அவர்தான்.

இன்று அவர் கழற்றவில்லை.

நேற்று அவள் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவரும் பார்க்காத மாதிரி நகர்ந்துவிட்டார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வந்து ரோட்டாரை அமுக்கிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. மூடினார்.

இப்போது அவள் டீ கொண்டு வந்தாள். பெஞ்சில் டிரேயை வைத்ததும் அவள் வலது கை ஸ்வெட்டர் பைக்குள் போய்விட்டது. பிறகு வெளியே வரவில்லை.

தன் ரோட்டார் தந்திரம் எத்தனை நாளாக அவளுக்குத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. உள்ளங்கையை மட்டும் நீட்டினார்.

"குடு."

"எதை?"

"குடுங்கறேன்ல."

"நான் படி ஏறுவேன். நீங்க பேசாம இருங்க."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீயை எடுத்துக்கொண்டார்.

அவள் உள்ளே போனாள். மாடிப்படியில் சத்தம் கேட்டது. தட் தட்டென்று, ஷெட் வரைக்கும் கேட்கட்டும் என்றே வைத்தது போன்ற அடி. சின்னப் பெண் ஏறுகிற வேகம்.

பாதியில் நின்றது.

லேத்துக்காரர் காத்துக்கொண்டு நின்றார். அடுத்த அடி கேட்கவில்லை.

"வண்டியில என்ன கோளாறு?" என்றார் டாக்டர்.

"வண்டியில ஒண்ணும் இல்லை."

அலமாரியின் மேல்தட்டில் இருந்த தகர டப்பாவைத் திறந்தார். துணியில் சுற்றியிருந்ததை எடுத்தார். ரோட்டாரும் அவர் இரண்டாகத்தான் வாங்கியிருந்தார். அது மட்டும் அவளுக்குத் தெரியாது.

பொருத்தினார். மூடினார். பட்டனை அழுத்தினார்.

தொட்டதும் பிடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. டாக்டர் சட்டையில் டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சத்தத்தில், மிச்சப் படிகளை அவள் ஏறினாளா, அங்கேயே உட்கார்ந்துவிட்டாளா என்பது கேட்கவில்லை.