கிறிஸ்டல் மரியாதை

கலியாணம் முடித்து, கிண்ணியா ஊர் வழக்கப்படி பெண் வீட்டோடு குடிவந்த பஸ்லானுக்கு முதல்நாளே ராஜ மரியாதை. மாமி சுஹைரா கண்ணாடி அலுமாரியைத் திறந்து, கிறிஸ்டல் கிளாஸில் சர்பத் நீட்டினார்.

“இந்த செட் மருமகனுக்கு மட்டும்தான். வேற ஆரும் தொட ஏலாது.”

வேறு யாரும் தொட முடியாததால், குடித்து முடித்ததும் பஸ்லானே கழுவினான். மெல்லிய துணியால் துடைத்து அலுமாரியில் வைத்தான். சோறு சாப்பிடும் பீங்கான் தட்டும் அப்படித்தான். துறைமுகத்தில் கூட வேலை செய்பவர்களிடம் இந்தப் பெருமையைச் சொல்லி அவனுக்கு வாய் ஓயவில்லை. ஆறு கிளாஸ் செட்டில் ஒன்று குறைவது மட்டும்தான் கவலை.

மாமா அலியாரோ பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, அதை உட்கார்ந்த கதிரைக்கடியிலேயே வைத்துவிட்டுப் போவார். பார்க்கவே பாவமாக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டான்.

“உங்களுக்கு ஏன் மாமா கிறிஸ்டல்ல தாறதில்லை?”

“எனக்கும் தந்தவங்கதான், மகன். நான் மாப்பிள்ளையா வந்த நேரம் இதே செட்தான். நானும் உங்களப் போல கழுவிக் கழுவி வச்சனான்.”

“பிறகு?”

அலியார் மாமி சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு கிளாஸ உடைச்சன். அந்த நாள்ல இருந்து என்ட கோப்பைய உங்கட மாமிதான் கழுவுறா.”