கொடுப்பதற்கு ஒரு போன்

மெக்சிகோ நகரத்துப் போன் கடையில் ஹசிந்தோ வீங்கிய கன்னத்தோடு நின்றார்.

"சொந்தமாவும் வாங்கலாம், மாசச் சந்தாவும் கட்டலாம். சந்தான்னா, தொலைஞ்சாலும் வேற தருவோம்," என்றான் கடைக்காரன்.

"சந்தாவே போதும்."

மனைவி ஒதிலியா முறைத்தாள். "வாடகைப் பொருளையா குடுக்கறது? அவர் என்ன நினைப்பாரு?"

"கேமரா பாருங்க சார்."

"அதெல்லாம் வேணாம்ப்பா. பளபளன்னு இருக்கணும், அவ்வளவுதான்."

"யாருக்கு சார், சம்பந்திக்கா?"

"பஸ்ல வழிப்பறிக்காரன் வந்தா நீட்டறதுக்குன்னே ஒரு ஓட்டை போன் வெச்சிருந்தேன். நேத்து வந்தவன் அதை வாங்கிப் பார்த்துட்டு, 'என்னைப் பார்த்தா பிச்சைக்காரனாத் தெரியுதா'ன்னு ஒரு அறை விட்டு, திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டான்."

ஒதிலியா கடைக்காரனிடம் சொன்னாள்: "சொந்தமாவே போடுப்பா. சந்தான்னு தெரிஞ்சா அடுத்த கன்னமும் வீங்கும்."