வெயிட்டான ஆளுங்க

"நாலு பேர் வேணும்க்கா. நல்லா வெயிட்டான ஆளுங்களா பாத்து ஏரிக்கு அனுப்புங்க."

காலையில் டீக்கடை திரௌபதியிடம் இப்படிச் சொல்லிவிட்டு வந்ததுதான் ஜஸ்டஸ் செய்த தப்பு. இப்போது ஏரிக்கரையில் வந்து நின்றவர்களைப் பார்த்ததும் அவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

முதலில் மாஜி பஞ்சாயத்துத் தலைவர் தசரதன். அவர் பின்னால் மாஜி சொசைட்டி டைரக்டர் ராஜாக்கண்ணு, மாஜி வார்டு மெம்பர் சின்னராஜ். மூவருக்கும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. மூவரையும் சேர்த்துத் தராசில் ஏற்றினாலும் ரெண்டு புளி மூட்டைக்குக் காணாது.

"கூப்டீங்கன்னு சொன்னாங்க, வந்துட்டோம். மாலை கீலைலாம் ஒண்ணும் வேணாம்ப்பா," என்றார் தசரதன். அவர் வேண்டாம் என்று சொன்ன தோரணையிலேயே வேண்டும் என்பது தெரிந்தது.

தங்கை ஜூடி காதைக் கடித்தாள். "இன்னாண்ணா இது? கிலோ கணக்குல வேணும்னு சொல்றதுக்கு இன்னா?"

"அத போய் யாராவது விளக்குவாங்களா? அந்தக்கா ஒரு மண்டு."

விஷயம் இதுதான். திருப்பத்தூரிலிருந்து ஒரு பழைய ஸ்கீ படகை டிரெய்லரில் ஏற்றி, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் மாதாவை வேண்டிக்கொண்டு, ஜஸ்டஸ் இந்த ஏரிக்குக் கொண்டுவந்திருந்தான். படகின் பின்மூலை நன்றாக அமுங்கி ஓடினால்தான் பின்னால் அலை எழும்பும். அந்த அலைமேல் ஜூடி பலகையில் நின்று சறுக்கிக் காட்ட வேண்டும். பார்க்க வருகிறவர் டூர் கம்பெனி அருணா மேடம். அவருக்குப் பிடித்தால் வாராவாரம் ஆள் அனுப்புவார். பிடிக்காவிட்டால் படகு வந்த வழியே கீழே இறங்க வேண்டியதுதான்.

பாரத்துக்கென்று வைத்திருந்த தண்ணீர்ப் பைகளை எலி கடித்துவிட்டது. கல்லை ஏற்றலாம் என்றால் ஏரியில் நெஞ்சளவுதான் தண்ணீர். அடியில் சேறு தட்டினால் மனுஷனை முன்னால் நகரச் சொல்லலாம். கல் பேச்சைக் கேட்குமா?

யோசிப்பதற்குள் அருணாவின் கார் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மூன்று மாஜிகளுக்கும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டினான். மூவரும் அதன்மேல் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

படகு ஓடியது. அலையும் வந்தது. வாத்து நீந்திப் போனால் வருமே, அந்த அளவுக்கு.

ஜூடி பலகையோடு தொபுக்கென்று விழுந்தாள். அருணா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் கரையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த திரௌபதி கண்ணில் பட்டாள். நல்ல ஆகிருதி. இந்த மூன்று பேருக்கும் அவள் ஒருத்தி போதும். ஆனால் எப்படிக் கேட்பது? ஒரு பொம்பளையிடம், 'நீங்க நல்ல வெயிட்டு' என்று சொன்னவனுக்கு இந்த மலையில் அப்புறம் எவள் டீ ஊற்றுவாள்?

படகைக் கரையில் ஒதுக்கி, குழைந்தான். "அக்கா, நீங்களும் சிறப்பு விருந்தினரா ஏறணும்."

"எனுக்கு இன்னாத்துக்குப்பா அதெல்லாம்?" என்றவள், சொல்லி முடிப்பதற்குள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறி, அவன் காட்டாமலே பின்மூலையில் போய் உட்கார்ந்தாள்.

படகு லபக்கென்று அமுங்கியது. கூடவே அடியில் சேறு தட்டியது.

"ஐயா, நீங்க மூணு பேரும் முன்னால வந்துடுங்க," என்று கெஞ்சினான் ஜஸ்டஸ்.

"அதான முறை," என்றார் தசரதன். முன்வரிசை அவருக்குப் புதுசா என்ன? கரையைப் பார்த்துக் கும்பிட்டபடியே போய் உட்கார்ந்தார். மற்ற இருவரும் அவருக்கு இரண்டு பக்கமும் அமர்ந்தார்கள். சேறு விட்டது.

இந்த முறை எழும்பியதற்குப் பெயர் அலை. ஜூடி அதன்மேல் நின்றாள், வளைந்தாள், ஏரியின் அந்தக் கோடிவரை விழாமல் போனாள். அருணா கை தட்டினார். அடுத்த சனிக்கிழமையே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

கரையில் இறங்கியதும் ஜஸ்டஸுக்கு உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது.

"வெயிட்டான ஆளுன்னு நான் கேட்டது உங்களுக்குப் புரியவே இல்லியேக்கா. கொஞ்சத்துல மானம் போயிருக்கும்."

திரௌபதி திரும்பிப் பார்த்தாள். தசரதன் ஜாக்கெட்டைக் கழற்ற மனமில்லாமல், "நாங்க ஏறுனதுக்கு அப்புறந்தான் காரியமே நடந்துச்சு," என்று அருணாவின் டிரைவரிடம் அளந்துகொண்டிருந்தார். மற்ற இருவரும் ஆமாம் போட்டார்கள்.

"எலெக்‌ஷன்ல தோத்ததுலேர்ந்து இவங்கள ஒரு காதுகுத்துக்குக்கூட யாரும் கூப்ட்டு முன்னால உக்கார வெக்கல தம்பி. பொழுதன்னைக்கும் எங்கடைலதான் மூஞ்சி தொங்கிப்போயி குந்திகினு கெடக்கறாங்க," என்றாள் குரலைத் தாழ்த்தி. "மத்தபடி, நீ கேட்ட வெயிட்டு இன்னான்னு புரியாமயா நான் கடைய சாத்திட்டு இவங்க பின்னாலயே வந்தேன்?"