கோரம் கலையக் கூடாது

அன்று ஆபீஸில் ஆஜரானவர்கள் ஐந்து பேர். முன்வரிசையில் வலப்பக்கம் தலைவர் சேஷன். இடப்பக்கம் செயலாளர் ஜெயன், மடியில் மினிட்ஸ் புத்தகம். பின்வரிசையில் ஜன்னலோரம் ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் தங்கபாய், மறு ஓரம் விழிஞ்ஞம் துறைமுகத்து இன்ஜினீயர் பிரதீஷ், நடுவில் வாலாம்பாள் மாமி.

கரமனை 'ஹரிதம்' ஃபிளாட்ஸ் குடியிருப்போர் சங்கத்தின் அவசரக் கூட்டம் அது. பில்டர் ஆபீஸ் ரூம் கட்டித் தராமல் ஏமாற்றிவிட்டுப் போன நாளிலிருந்து இதுதான் ஆபீஸ். பதினோரு வருஷத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது.

போன வாரம் மாமியின் கணவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டவில்லை. பார்க்கிங்கில் ஏதோ ஒரு வண்டி வழியை மறித்து நின்றது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, நாலு பேர் கேட் வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் களேபரத்தில் எந்த வண்டி என்று யாரும் கவனிக்கவில்லை. அடுத்த தடவை ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இப்போது கேட்டுக்கு வெளியே போலீஸ் ஜீப்பும் ஒரு க்ரேனும் காத்து நின்றன.

"எஸ்.ஐ. என்னத்துக்கு வெளியவே நிக்காரு?" என்று கேட்டார் தங்கபாய்.

"ரோடுன்னா அவரே ஃபைன் எழுதிருவாராம் டீச்சரே. இது பிரைவட் ஸ்தலமாக்கும். ஓனர்மாரு எழுதித் தராம ஒரு டயரு உள்ள வைக்க மாட்டேன்னுட்டாரு. பதினோரு மணிக்கு அவருக்கு வேற டியூட்டியும் உண்டு" என்றார் ஜெயன்.

மணி பத்து நாற்பது.

"அப்போ சட்டுனு எழுதிக் குடுங்கோளேன்!" மாமி எழப்போனார்.

"உக்காந்துண்டே பேசுங்கோ மாமி. நின்னுண்டு பேசப்படாதுன்னு ரூல் இருக்கு" என்றார் சேஷன். அவர் பின்னால் திரும்பவில்லை. நெற்றிக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்துப் பேசுவதுதான் அவர் வழக்கம்.

பிரதீஷ் பார்க்கிங் அளவு எழுதிய தாளை விரித்தான். "அளந்து பாத்தாச்சு. நம்ம எல்லாருக்க வண்டியும் அதது ஸ்லாட்டுலதான் நிக்குது."

"உனக்க பைக்கு மட்டும் ஒண்ணரை ஸ்லாட்டு" என்றார் தங்கபாய்.

"டீச்சருக்க கார் கண்ணாடி மடங்காது. அதான் தள்ளி வச்சேன்."

"சண்டை வேண்டாம். அப்போ வழியில நிக்கறது யார் வண்டி?" என்றார் சேஷன்.

தங்கபாய் ஜன்னலில் தலையை நீட்டி, முன்னும் பின்னும் பார்த்தார். "வழி நெடுக ஒரு வண்டியும் காணல்லியே."

"கூட்டம் போட்டிருக்கோம்னு தெரிஞ்சு எங்கேயாவது ஒளிச்சு வச்சிருப்பான்" என்றார் சேஷன்.

"யாராவது வெளில போய்ப் பாத்துட்டு வந்தா என்ன?" என்றார் மாமி.

"ஒருத்தர் போனாலும் கோரம் போச்சு. கூட்டத்துல அஞ்சு பேராவது இருந்தாத்தான் கோரம். கோரம் இல்லாத கூட்டம் எழுதற லெட்டருக்கு மதிப்பே கிடையாது" என்றார் சேஷன்.

"கோரம் கோரம்னு நீங்களே வச்சுக்கோங்கோ! எனக்கு அவர் வேணும்." மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாட்ச்மேன் ராஜையன் ஜன்னலருகே வந்து தலையைச் சொறிந்தார். "சாரே, அந்த வண்டி காரியமா ஒண்ணு சொல்லணும்..."

"நீ மெம்பர் இல்லே ராஜையா. கூட்டம் முடியட்டும்."

சேஷன் சொல்லச் சொல்ல ஜெயன் மலையாளத்தில் எழுதினார். எங்கள் சொந்த இடத்தில் ஆம்புலன்ஸ் வழியை மறித்து நிற்கும் வண்டி எதுவானாலும், யாருடையதானாலும், உடனே எடுத்துச் செல்ல இச்சங்கம் ஒருமனதாகச் சம்மதிக்கிறது.

"நம்பர் எழுதாண்டாமா?" என்றார் ஜெயன்.

"நம்பர் பிளேட்டே இல்லாத வண்டியா இருந்தா? தப்பிச்சுடுவான். எதுவானாலும்னே இருக்கட்டும்."

"யாரையாவது ரெக்கமண்டேஷன் புடிச்சுத் தடுப்பானுவ. அதுக்கும் ஒரு வரி சேரு" என்றார் தங்கபாய்.

சேர்த்தார்கள். தடுப்பவர் சங்கத்தின் தலைவரே ஆனாலும், போலீஸ் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மாமி முதல் கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் வரிசையாகப் போட்டார்கள். சேஷன் கவரை ஒட்டி, ஒட்டிய இடத்தின்மேல் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி, ஜன்னல் வழியே நீட்டினார்.

"நேரா எஸ்.ஐ. கையில குடு. வழியில யார் கிட்டயும் பேசப்படாது."

ராஜையன் எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, கவரோடு கேட்டைப் பார்த்து ஓடினார். மணி பத்து ஐம்பத்தைந்து.

கேட் திறக்கும் சத்தமும், க்ரேன் உறுமிக்கொண்டு உள்ளே வரும் சத்தமும் கேட்டன. மாமி கண்ணை மூடிக் கைகூப்பினார்.

"இனிமே அவன் அழுதாலும் விடமாட்டா" என்றார் சேஷன்.

ராஜையன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து கதவைத் தட்டினார்.

"சாரே, எல்லாரும் எறங்குங்க, ஆபீஸுக்க முன் டயருல சங்கிலி போட்டாச்சு!"