கப்ளிங் குங்குமம்

"குங்குமத்தப் போயி அழுக்குன்றியே நைனா! மொதல்ல வாயக் கழுவு."

குணசேகரன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எஞ்சின் அறைக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பாரி சிரிக்கவில்லை. டீசல் பில்டர் மாற்ற வந்த மெக்கானிக் அவன். மாற்றியாயிற்று, கிளம்ப வேண்டியதுதானே? கிளம்பாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காசிமேட்டில் பகல் பதினொரு மணி. விசைப்படகில் ஐஸ் ஏற்றியாயிற்று, டீசல் நிரப்பியாயிற்று. எட்டு ஆட்கள் மேலே தயாராக நின்றார்கள். பக்கத்துப் படகுகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தன.

குணசேகரன்தான் படகின் டிரைவர். வெள்ளிக்கிழமை தவறாமல் எஞ்சினைத் துடைத்து, அதற்குப் பின்னால் இருக்கும் கப்ளிங்கின் மூடிமேல் குங்குமப் பொட்டு வைப்பான். கடலுக்குள் விசிறியைச் சுழற்றும் ஷாப்டை எஞ்சினோடு பூட்டுவது அந்தக் கப்ளிங்தான். அதன் அடியில் எப்போதும் கொஞ்சம் சிவப்புப் பொடி உதிர்ந்து கிடக்கும். அதில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்ளாமல் ஒருவரும் கடலுக்குப் போனதில்லை. இன்றும் எல்லா நெற்றிகளிலும் அது பளிச்சென்று இருந்தது.

"மாமு, வாரத்துக்கு எவ்ளோ குங்குமம் வெப்ப?" என்று கேட்டான் பாரி.

"ஒரு பொட்டு."

"கீய கெடக்குறத நீ தொடைக்கவே மாட்டியா?"

"போன வெள்ளிக்கெயம கூட சுத்தமா தொடச்சேனே."

"அப்பால ஒரு பொட்டுலேருந்து ஒரு கைப்புடி தூளு எப்டி வந்துது?"

குணசேகரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கெளம்புற நேரத்துல இன்னா பேஜாரு இது! யக்கா, இங்க வா! இவன் லாஞ்ச எடுக்க வுட மாட்டேன்றான்."

படகின் உரிமையாளர் சொக்கம்மாள் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். குணசேகரனின் கூடப் பிறந்த அக்கா.

"இன்னாப்பா பாரி?"

"யக்கா, கப்ளிங் ஓட்டைக்குள்ள ஷாப்ட்டு ஆடாம குந்திகினு இருக்கணும். ஒரு நூலு அசஞ்சாலும் இரும்பும் இரும்பும் ஒரசி இந்த மாரி துருத் தூளா கொட்டும். ஒரசுன எடத்துல வெடிப்பு வுடும். வெளிய தெரியாது. சுத்தச் சுத்த உள்ளாற போய்க்கினே இருக்கும்."

"ஒடஞ்சா?"

"ஷாப்ட்டு பின்னால நழுவி வெளிய பூடும். அந்த ஓட்ட வயியா கடலு உள்ள வந்துடும்."

சொக்கம்மாள் தம்பியைப் பார்த்தாள். எட்டு ஆட்களையும் பார்த்தாள்.

"கயட்டிப் பாத்து ஒண்ணும் இல்லாகாட்டி?" என்றான் குணசேகரன்.

"நான் இனிமே காசிமேட்டுப் பக்கமே தலகாட்ட மாட்டேன் மாமு."

"கயட்டுப்பா," என்றாள் சொக்கம்மாள்.

"யக்கா, ஐஸு கரைஞ்சுடும்!"

"கரையட்டும்டா. நீ திரும்பி வரணும் எனுக்கு."

கழற்ற இரண்டு மணி நேரம் பிடித்தது. வெளியே வந்த ஷாப்ட் முனையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினான் பாரி. அழுக்கெல்லாம் போய்ப் பளபளவென்று மின்னியது. குணசேகரன் குனிந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

"கண்ணாடி மாதிரி கீது. எங்கய்யா உன் வெடிப்பு?"

மேலே யாரோ சிரித்தார்கள். பாரி அவசரப்படவில்லை. அந்த நிதானத்தைப் பாராட்டத்தான் வேண்டும். துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தான். சட்டைப் பையிலிருந்த சாக்பீசை ஷாப்டின்மேல் தேய்த்து, அந்த இடம் முழுவதையும் வெள்ளையாக்கினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா பண்ற?"

"வெடிப்பு இருந்தா உள்ள எண்ண ஒளிஞ்சிகினு இருக்கும். கொஞ்ச நேரத்துல அதுவே வெளிய வரும்."

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டாயிற்று. கப்ளிங்கைப் பூட்டும் இரும்புச் சாவி உட்காரும் பள்ளத்தின் ஓரத்தில், வெள்ளைச் சுண்ணாம்பின்மேல் ஒரு ஈரப்புள்ளி எழுந்தது. அது மெல்ல நீண்டது. வளைந்தது. கரிய கோடாக ஷாப்டைப் பாதி சுற்றி வந்து நின்றது.

குணசேகரனின் கை தானாக நெற்றிக்குப் போய்ப் பொட்டை அழித்தது. மேலே இருந்தவர்களும் ஆளுக்கொரு துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள்.

சொக்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒம்போது உசுரு! எல்லாரும் தெனம் பாத்த எடம், ஒருத்தன் கண்ணுலயும் படலியே! வந்த ஒடனே கண்டுபுட்சிட்டியேப்பா. கண்ணா அது! உனுக்கு சுத்திப் போடணும்."

"மன்னிச்சுக்கோ நைனா," குணசேகரன் பாரியின் கையைப் பிடித்துக்கொண்டான். "பெரிய கப்பல் இஞ்சினியருக்குக் கூட இந்தக் கண்ணு வராது. நீ கப்பலுக்குப் போ வேண்டியவன்."

பாரி கூச்சத்தோடு சிரித்தான். "போனேன் மாமு. மெடிக்கல்ல இந்தக் கண்ணப் பாத்துதான் ரெண்டு தபா திருப்பி அனுப்ச்சாங்கோ."

"இந்தக் கண்ணுக்கு இன்னா கொறச்சலாம்?"

"செவப்பு தெரியாது மாமு. உங்க எல்லாருக்கும் குங்குமமா தெரிஞ்சது, எனுக்கு வெறும் அழுக்காத்தான் தெரிஞ்சுது."